மூன்று பிள்ளைகள், ஒரு அம்மா, முப்பத்தாறு வாரங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் குமரி மாவட்டக் குடும்பங்கள் சில, புதிய கல்வியாண்டுக்குத் திட்டம் போடுவது பற்றி எழுதிக் கேட்டிருக்கின்றன. பெரும்பாலும் இரண்டு, மூன்று பிள்ளைகள் உள்ள வீடுகள். எங்கள் கல்விக் குழுவின் பதில்கள் இங்கே.

எனக்கு மூன்று பிள்ளைகள். 11, 8, 5 வயசு. போன வருஷம் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி டைம்டேபிள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஆடி பிறக்கும் முன்னே எல்லாம் குழம்பிப்போச்சு. இந்த வருஷம் எங்கேயிருந்து தொடங்க?
– வாசகி, குலசேகரம்

உங்களிடமிருந்தே தொடங்குங்கள். டைம்டேபிள் மூன்று இருந்தது; அதை நடத்த நீங்கள் ஒருவர்தானே இருந்தீர்கள்? பாடப்புத்தகத்தை எடுப்பதற்கு முன், ஒரு நாளில் அடுக்களையையும் மற்ற வேலைகளையும் விட்டுப் பிள்ளைகளோடு முழுதாக உட்கார எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று எழுதுங்கள். மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். அந்த 180-ஐயும் நிரப்பிவிட்டால் திட்டம் முதல் வாரமே உடையும். குக்கர் விசில், வாசலில் மீன்காரர், சின்னவளின் அழுகை எல்லாம் அதே 180-க்குள்தான் வந்தாக வேண்டும். ஆகவே 140 நிமிடத்துக்கு மட்டும் திட்டம் போடுங்கள்.

அந்த 140-ஐப் பிரிக்கும் முறை இது. கணக்கும் வாசிப்பும் படிப்படியாக ஏறும் திறன்கள். மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க முடியாது, தனித்தனியாகத்தான் வேண்டும். சூழ்நிலையியல், அறிவியல், வரலாறு, கதை, பாட்டு, ஓவியம் அப்படியில்லை. ஒரே பாடத்தை மூவருக்கும் சேர்த்து நடத்தலாம். ‘விதை முளைப்பது’ என்று எடுத்தால் ஐந்து வயதுக்காரி முளையை வரைந்து பெயர் எழுதுவாள். எட்டு வயதுக்காரன் ஐந்து வரி எழுதுவான். பெரியவன் பத்து நாள் நீளத்தை அளந்து வரைபடத்தாளில் கோடு போடுவான். உங்களுக்கு ஒரே ஒரு முறை பேசுகிற வேலை.

ஒரு நாளின் வரிசை இப்படி அமையலாம்:

முதலில் மூவரும் சேர்ந்து 30 நிமிடம். பிறகு சின்னவளோடு 15. அப்போது நடுவுள்ளவன் பார்த்தெழுதுவான், பெரியவன் நேற்றுப் படித்த கணக்கைப் பயிற்சி செய்வான். அடுத்து நடுவுள்ளவனுக்குக் கணக்கு 20. சின்னவள் மஞ்சாடிக்குருவையும் புளியங்கொட்டையையும் பத்துப் பத்தாக எண்ணிக் கிண்ணத்தில் போடட்டும், பெரியவன் தானாக வாசிக்கட்டும். அடுத்து பெரியவனோடு 20. மற்ற இருவரும் முற்றத்தில். பிறகு மறுபடி சின்னவள் 15, நடுவுள்ளவனுக்குத் தமிழ் 20, கடைசியாகப் பெரியவனின் எழுத்துவேலையைப் பார்க்க 20. கூட்டினால் 140 வரும்.

இதில் மணி எழுதாதீர்கள், வரிசை மட்டும் எழுதுங்கள். ‘9.45 – கணக்கு’ என்று எழுதியிருந்தால் 10.10-க்கு உட்காரும்போதே தோற்றுப்போன உணர்வு வந்துவிடும். சின்னவளை முதலில் எடுப்பதற்கும் காரணம் உண்டு. தன் பங்கு கவனத்தைப் பெற்றுவிட்ட குழந்தை அடுத்த அரை மணி நேரம் தானாக விளையாடும். காக்க வைக்கப்பட்ட குழந்தை மற்ற இரண்டு பேரின் பாடத்தையும் சேர்த்துக் கலைக்கும்.

இனி வருடக் கணக்கு. ஆறு வாரம் பாடம், ஒரு வாரம் ஓய்வு. இப்படி ஆறு சுற்று. மொத்தம் 42 வாரம், அதில் பாடம் நடப்பது 36 வாரம். மீதியுள்ள 10 வாரத்தில் கிறிஸ்துமஸ் – புத்தாண்டுக்கு இரண்டு, வெயில் காலத்துக்கு ஐந்து, காய்ச்சலுக்கும் கல்யாண வீடுகளுக்கும் மூன்று. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், மண்டைக்காடு மாசிக் கொடை என்று உங்கள் வீட்டுக்கு முக்கியமான நாட்களை முதலிலேயே காலண்டரில் குறித்து, ஓய்வு வாரங்களை அவற்றின் மேல் வைத்துவிடுங்கள்.

வாரத்துக்கு நான்கு நாள் பாடம் போதும். ஐந்தாவது நாள் வெளியே போக, விட்டதைப் பிடிக்க, நூலகம் செல்ல. ஒரு சுற்றுக்கு 24 பாட நாள். அதில் 20 நாளுக்கு மட்டும் பாடம் ஒதுக்குங்கள். வருடத்துக்கு 120 பாடம். 150 பக்கக் கணக்குப் புத்தகம் என்றால் நாளுக்கு ஒன்றேகால் பக்கம். இந்த வகுத்தலை ஜூன் மாதமே செய்துவிட்டால், பிப்ரவரியில் பாதிப் புத்தகம் மீதி கிடக்கிறதே என்ற பதற்றம் வராது.

பாடங்களுக்குத் தேதி போடாமல் 1, 2, 3 என்று எண் போடுங்கள். தேதி போட்ட திட்டத்தில் நான்கு நாள் காய்ச்சல் வந்தால் மீதிப் பக்கம் முழுவதையும் அழித்து எழுத வேண்டும். எண் போட்டதில் 37 முடிந்த இடத்திலிருந்து 38. விரிவான திட்டத்தையும் ஒரு சுற்றுக்கு மேல் எழுத வேண்டாம். அதற்குத்தான் அந்த ஓய்வு வாரம்: முதல் மூன்று நாள் முழு ஓய்வு, பிறகு ஒரு மாலை நேரம் உட்கார்ந்து அடுத்த ஆறு வாரத்துக்குப் பென்சிலால் எழுதினால் போதும்.

வீட்டில் ரப்பர் பால்வெட்டு. நானும் மனைவியும் காலையில் தோட்டத்தில்தான். ஒன்பது மணிக்குப் பாடம் நடத்த வழியே இல்லை. இப்படிப்பட்ட வீட்டில் ஒழுங்காகப் படிக்க வைக்க முடியுமா?
– வாசகர், அருமனை

முடியும். பள்ளி ஒன்பதரைக்குத் தொடங்குகிறது என்பதற்காக வீடும் தொடங்க வேண்டியதில்லை. உறைந்த பாலை ஷீட்டாக அடித்து முடித்து, குளித்து, சாப்பிட்டபின் பதினொன்றரைக்கு முதல் அமர்வு, மூன்றரைக்கு இரண்டாவது என்று வையுங்கள். நீங்கள் தோட்டத்தில் இருக்கும் காலை நேரம் பிள்ளைகளின் தனி வேலைக்கு: பார்த்தெழுதுதல், மனப்பாடம், வாசிப்பு, வீட்டு வேலை. ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டையான பெட்டி வைத்து, அன்றைக்குத் தனியாகச் செய்யவேண்டிய மூன்று தாள்களை முந்தின நாள் இரவே போட்டு வையுங்கள். பிள்ளைக்குச் சந்தேகமே வராத, ஏற்கெனவே தெரிந்த வேலையாக மட்டும் அது இருக்க வேண்டும். புதுப் பாடத்தை வைத்தால் முதல் தடங்கலிலேயே பெட்டி மூடிவிடும்.

நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவத்தில் ஜூன் முதலும், வடகிழக்குப் பருவத்தில் அக்டோபர் முதலும் மழை. மரத்தில் மழைக்காப்பு (வெட்டும் இடம் நனையாமல் கட்டும் மறைப்பு) போடாத வீடுகளில் மழைக்காலையில் வெட்டு நின்றுவிடும். அந்தக் காலைகளுக்கென்று புதிய, கடினமான கணக்குப் பாடங்களை ஒதுக்கி வையுங்கள். வேலை நின்ற நாளில்தான் பெரியவர்கள் இருவரும் பக்கத்தில் இருக்கிறீர்கள். இலை உதிர்ந்து வெட்டு ஓயும் வாரங்களையும் ஒரு முழுப் பாடச் சுற்றாகவே பயன்படுத்தலாம்.

தோட்டத்திலேயே கணக்கும் கிடைக்கிறது. ரப்பர் பாலில் ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம்தான் ரப்பர், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். தினமும் எத்தனை லிட்டர் பால், எத்தனை ஷீட், காய்ந்தபின் எத்தனை கிலோ என்று பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒரு மாதம் எழுதிவந்தால் சதவீதம், சராசரி, தசமம் மூன்றும் கைக்குள் வந்துவிடும். பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட் இருக்கும் இடத்துக்கு மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள். தோலையும் கண்ணையும் எரிக்கும். எடை எழுதுவதுதான் அவர்கள் வேலை.

மழைக்காலத்தில் புத்தகங்களைச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். நான்கு விரல் இடைவெளி விடாவிட்டால் ஓதம் ஏறி ஆகஸ்டுக்குள் பூசணம் பிடிக்கும்.

என் எட்டு வயது மகனுக்கு மூன்றாம் வகுப்புப் புத்தகம் வாங்கவா, இரண்டாம் வகுப்பா? தமிழ் திணறுகிறது, கணக்கு நன்றாக வருகிறது.
– வாசகி, கருங்கல்

வாங்க வேண்டாம், முதலில் பாருங்கள். அரசுப் பாடநூல்கள் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மூன்றாம் வகுப்புத் தமிழில் அவன் பார்க்காத ஒரு பகுதியில் 100 சொற்களை எண்ணி, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் திருத்தாமல் தடுமாறும் சொற்களுக்கு மட்டும் புள்ளி வையுங்கள். ஐந்துக்குள் என்றால் அது அவன் தனியாகவே வாசிக்கும் நூல். ஐந்திலிருந்து பத்து என்றால் உங்கள் துணையோடு படிக்க ஏற்றது. பத்துக்கு மேல் போனால் ஒரு படி இறங்குங்கள். கணக்குக்கு, போன வகுப்புப் புத்தகத்தின் பயிற்சிகளிலிருந்து பத்து எடுத்துக் கொடுங்கள். எட்டு சரியென்றால் மேலே போகலாம்.

தமிழுக்கு இரண்டாம் வகுப்பு, கணக்குக்கு மூன்றாம் வகுப்பு என்று வந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் படிப்பதன் பெரிய லாபமே இதுதான். புத்தக அட்டையில் உள்ள வகுப்பு எண்ணை ஒரு தாளால் மூடிவிடுவது நல்லது. தம்பியின் புத்தகத்தைப் படிக்கிறோம் என்ற கூச்சம் பிள்ளைகளை உண்மையிலேயே தடுக்கிறது. கீழ் வகுப்பு நூல்கள் மூன்று பருவமாகப் பிரிந்திருப்பதால் முதல் பருவத்தை மட்டும் அச்சிட்டுத் தொடங்குங்கள். முழு வருடத்துக்கும் வாங்கி அடுக்கிய புத்தகங்கள் பொருந்தவில்லை என்று தெரிந்தாலும் விட மனம் வராது.

வீட்டில் மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறோம். ஐந்து வயது மகளுக்குத் தமிழ் எழுத்தை எந்த வரிசையில் கற்பிப்பது? அக்காவுக்கு 9 வயசாகியும் ந, ன, ண குழப்பம் தீரவில்லை.
– வாசகி, களியக்காவிளை

247 எழுத்தையும் அட்டவணையாகப் படிக்க வைக்காதீர்கள். ட, ப, ம மூன்றோடு தொடங்குங்கள். நேர்கோடும் எளிய வளைவும்தான். மூன்றாம் நாளே படம், மடம், பட்டம் என்று சொல் வாசிக்கலாம் (புள்ளி வைத்தால் அகர ஒலி போய்விடும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்). வாசித்த சொல் கையில் இருந்தால் அடுத்த எழுத்துக்குப் பிள்ளையே கேட்கும்.

உயிர்க்குறிகளில் முதலில் கால்: பா, மா, டா. அடுத்து ி, ீ. கொம்பு வரும்போது நிதானியுங்கள். ‘பெ’ என்பதில் ஒலி ப-வுக்குப் பின்னால், குறி ப-வுக்கு முன்னால். அதனால்தான் பிள்ளைகள் ‘பெ’-யைத் திருப்பி எழுதுகிறார்கள். அவர்கள் காது சொல்வதை எழுதுகிறார்கள், கவனக்குறைவு அல்ல. ஒகர, ஓகாரத்தில் குறி இரண்டு பக்கமும் நிற்பதால் அவை கொம்பு நன்றாகப் பழகிய பிறகு. உகர, ஊகாரம் கடைசி: கு, சு, டு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் விதியாகச் சொல்ல முடியாது, ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். பாட்டி எழுதிக் காட்டுகிறார் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் படித்தவர்கள் லை, ளை, ணை, னை, றா, னா போன்றவற்றைப் பழைய வடிவில் எழுதுவார்கள். தவறில்லை, பிள்ளை குழம்பாமல் இருக்க, அது பழைய வடிவம் என்று சொல்லிவிட்டால் போதும்.

அக்காவுக்கு மூன்று விதி போதும். சொல்லின் தொடக்கத்தில் பெரும்பாலும் ந: நண்டு, நாடு, நிலா. ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன்: வண்டு, பந்து, கன்று. ற ஒருபோதும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது, ர ஒருபோதும் இரட்டிக்காது. இவற்றை விதியாக ஒப்பிக்க வைக்காமல், வாரம் நான்கு நாளும் ஐந்து சொல் சொல்லி எழுத வையுங்கள். பிழையான சொல் மறுநாள் பட்டியலில் முதலில் வரட்டும். ழகரம் பற்றிக் கவலை வேண்டாம், மலையாளத்திலும் அது இருப்பதால் உங்கள் பிள்ளைகளின் காதுக்கு அது புதிதில்லை.

மூத்த மகளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைக்கலாமா?
– வாசகி, தக்கலை

நாளுக்கு 15 நிமிடம் கதை வாசித்துக் காட்டலாம், சொல் கேட்டு எழுத வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். தம்பி படித்தானா இல்லையா என்ற பொறுப்பு அவளுடையதல்ல. அவளுடைய பாட நேரத்தை எடுத்து அவனுக்குக் கொடுக்கிற நாள் வந்தால் உங்கள் 140 நிமிடக் கணக்கில்தான் பிழை. அங்கே எதையாவது குறையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு என்ன வழி? மகனுக்கு இப்போது 12 வயது, தங்கைக்கு 9.
– வாசகர், நாகர்கோவில்

2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வி என்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. மீறும் பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் சொல்லப்படவில்லை. வீட்டுக்கல்விக்கென்று தனி ஏற்பாடும் அதில் இல்லை. அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, பள்ளியில் இல்லாத பிள்ளை எப்போது வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்பட வேண்டும். நாளைக்கு மனம் மாறினால் கதவு திறந்தே இருக்கிறது.

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காக வீட்டுக்கு வருபவர்களிடம் வாக்குவாதம் வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், முன்பு பள்ளியில் படித்திருந்தால் மாற்றுச் சான்றிதழ், பிள்ளையின் வேலைக் கோப்பு மூன்றையும் எடுத்துக் காட்டுங்கள். கோப்புக்கு ஒவ்வொரு சுற்று முடிவிலும் கணக்கில் ஒன்று, தமிழில் ஒன்று, பொதுப் பாடத்தில் ஒன்று என மூன்று தாள் தேர்ந்து தேதியிட்டால் போதும். வருடத்துக்குப் 18 தாள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் நீங்களே திரும்பப் பார்க்க மாட்டீர்கள்.

சான்றிதழுக்கு இரண்டு வழி. ஒன்று, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் (என்.ஐ.ஓ.எஸ்.). பத்தாம் வகுப்பு நிலைக்குக் குறைந்தது 14 வயது ஆகியிருக்க வேண்டும். ஐந்து பாடம், அதில் குறைந்தது ஒன்று மொழிப்பாடம். தேர்ச்சிக்கு 33 சதவீதம். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று வருடம் இரண்டு தேர்வு. ஒருமுறை பதிந்தால் ஐந்து வருடத்துக்குள் பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். ஒப்படைப்புக்கும் (அசைன்மென்ட்) மதிப்பெண் உண்டு என்பதால் அதைக் கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள்.

மற்றொன்று, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது முடிந்த பிள்ளை எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம், அதன்பின் பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்பில் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். தனித்தேர்வர்கள் தவறவிடும் இடம் பெரும்பாலும் இதுதான். உங்கள் மகனுக்கு இந்த வழிதான் என்றால் இந்த வருடமே எட்டாம் வகுப்புப் பாடத்தைப் பிடிக்க வேண்டும். என்.ஐ.ஓ.எஸ். என்றால் இன்னும் இரண்டு வருடம் அடித்தளத்துக்குக் கிடைக்கிறது. ஆகவே ஜூனுக்குள் முடிவெடுங்கள். தங்கைக்கு இப்போது எந்தத் தேர்வையும் நினைக்க வேண்டாம்.

கணவருக்கு விசைப்படகில் வேலை. ஜூன், ஜூலை தடைக்காலத்தில்தான் வீட்டில் இருப்பார். அப்போது பாடம் தொடங்கினால் பிள்ளைகள் அப்பாவோடு இருக்கவே முடியவில்லை.
– வாசகி, குளச்சல்

மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. உங்கள் கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்கட்டும். ஆறு சுற்றும், இடையிலுள்ள ஓய்வு வாரங்களும் சேர்ந்து மே மாதத்தில் முடிந்துவிடும்.

அந்த இரண்டு மாதமும் அப்பாவிடம் படிக்க நிறைய இருக்கிறது. ஜி.பி.எஸ். கருவியில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எப்படிப் பார்ப்பது என்று பெரிய பிள்ளைக்கு அவர் காட்டட்டும். அட்சரேகையில் ஒரு கலை (மினிட்) தூரம் ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், ஒரு பாகைக்கு 60 கலை. ஐஸ், டீசல், மீன் விலை வைத்து ஒரு பயணத்தின் வரவு செலவைப் போடட்டும். சின்னவர்களுக்கு முடிச்சுப் போடுவதும் வலைக்கண் எண்ணுவதும் போதும். அது விரல் பழக்கம், எழுத்துக்கும் உதவும்.

வெவ்வேறு வயதில் உள்ள மூன்று பிள்ளைகளுக்கும் பொருந்துகிற மாதிரி எங்கே அழைத்துப் போகலாம்? போய்வந்தால் சுற்றுலா மாதிரி முடிந்துவிடுகிறது.
– வாசகி, மார்த்தாண்டம்

வருடத்துக்கு ஆறு இடம் போதும், சுற்றுக்கு ஒன்று. போகும் முன் அரை மணி நேரம் பேசாததும், அங்கே செய்ய வேலை இல்லாததும்தான் சுற்றுலாவாக முடியக் காரணம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு வேலை கொடுங்கள்.

உங்களுக்குப் பக்கத்தில் மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுப் பள்ளத்துக்கு மேலே 115 அடி உயரத்தில் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகிறது. சின்னவர் தூண்களை எண்ணட்டும். நடுவுள்ளவர் பாலத்தைக் காலடியால் அளந்து, வீட்டில் தன் காலடியை ஸ்கேலால் அளந்து நீளத்தைக் கண்டுபிடிக்கட்டும். மூத்தவர், பம்ப் இல்லாமல் தண்ணீர் எப்படி மறுபக்கம் போகிறது என்று படம் வரைந்து விளக்கட்டும். மழை பெய்யும் நாளில் மட்டும் வேண்டாம், கைப்பிடிச் சுவர் ஓரம் சிறு பிள்ளைகளோடு நடப்பது கடினம்.

வரலாற்றுக்கு 1741 குளச்சல் போரை எடுத்தால் ஒரே சுற்றில் மூன்று இடத்தை இணைக்கலாம்: குளச்சல் கடற்கரை, அந்தப் போரில் பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாயின் கல்லறை உள்ள உதயகிரிக் கோட்டை, பத்மநாபபுரம் அரண்மனை. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. உங்கள் ஐந்தாவது நாளை வெள்ளியாக வைத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் வராது. பறவைகளுக்குச் சுசீந்திரம், தேரூர் குளங்கள். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள், காலை ஏழு மணிக்கு முன்னால் போய்ச் சேருங்கள். ஒன்பது மணிக்குப் போனால் வெயிலும் வண்டிச் சத்தமும்தான் மிஞ்சும்.